ஆயில் குடித்த வண்டி

ஆயிலை நம் கையாலேயே ஊற்றி, மூடியைத் திருகி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது அங்கே இல்லை. கீழே ஒரு சொட்டு விழவில்லை. இன்ஜின் மேலே ஒரு பிசுக்கு இல்லை. அப்படியானால் அதை யார் எடுத்தது? அப்போது என்னைப் பிடித்த குழப்பம் இன்னும் முழுசாகத் தெளிந்தபாடில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். ஆகட்டும்.

கார் எங்களுக்கு அடுத்த தெரு டீச்சரிடமிருந்து வந்தது. முடிச்சூரில் அவர்கள் மனை வாங்கி வந்தபோது இங்கே பாதி நிலம் இன்னும் நெல்லாக இருந்தது, எங்களுக்கு நாலு மாடு இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுக்கு நான்தான் பால் ஊற்றினேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் பாலை விரலில் தொட்டுப் பார்த்ததில்லை, தண்ணீரா என்று கேட்டதில்லை. நான் கைநாட்டு வைப்பதை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

டீச்சரின் வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் சார் என்போம். அவருக்கு அந்தக் கார் பிள்ளை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பார். அவர் தவறிப்போன பிறகு ஏழெட்டு மாசம் கார் அப்படியே நின்றது. டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. என் மகளுக்குப் பொத்தேரியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. தினம் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் மாறி மாறிப் போய் அலுத்தவள், சும்மா இருக்கட்டும் என்று கார் ஓட்டக் கற்று வைத்திருந்தாள். டீச்சரே கூப்பிட்டுக் கேட்டார்.

"வேற யாருக்கோ கொடுத்தா எப்படி வச்சிருப்பாங்களோ தெரியாது. உன் வீட்டுக்குன்னா நான் போகும்போது வரும்போது பாத்துக்கலாம்ல" என்றார்.

அப்படித்தான் வாங்கினோம்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு ஆட்களை வைத்து, வீட்டுக்கு அடியில் ஜாக்கி வரிசையாகக் கொடுத்து, வீட்டையே நாலடி தூக்கினோம். எங்கள் பக்கம் நிறையப் பேர் தூக்கினார்கள். வீடு மேலே போனதும் வாசலுக்குச் சிமெண்டில் சரிவு போட வேண்டி வந்தது. இடம் குறைவு, அதனால் சரிவு செங்குத்து. மகள் முழுசாக மேலே ஏற்றப் பயந்தாள், அடி தட்டுமாம். மூக்கு வீட்டைப் பார்க்கச் சரிவிலேயே நிறுத்திப் பின் சக்கரத்துக்குச் செங்கல் வைப்போம். தெருவில் நிறுத்தலாமே என்றாள். நம் வண்டி நம் வாசலில்தான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

வண்டி வந்த மறுநாள் காலை, வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு பானட்டைத் திறந்தேன். மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜின் இருந்த காலத்தில், ஹேண்டில் போட்டுச் சுற்றி அதைக் கிளப்பினவள் நான். விடிந்ததும் முதல் வேலை, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது. கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றாமல் தொடக்கூடாது. அதில் ஒரு நாள் தவறியதில்லை. எங்கள் இன்ஜின் பதினெட்டு வருஷம் ஓடியது.

காரின் கம்பியிலும் இரண்டு கோடு உண்டு. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

சார் இப்படியா வைத்திருந்தார் என்று நினைத்தேன். ஏழெட்டு மாசம் நின்ற வண்டி, போகட்டும் என்று மகளை அனுப்பி ஒரு டப்பா வாங்கி வரச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல்கோட்டுக்குக் கொண்டு வந்தேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடித்தது. நாலைந்து நாள் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பாதி இறங்கியிருந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி இறங்கியது.

"லைட் எதுவும் எரியலையே மா" என்றாள் மகள்.

"லைட்டு எரியும்போது இன்ஜின் செத்துப்பூடும். இன்னா படிச்ச நீ?"

எங்கே போகிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்று பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பூனை படுத்த தடம் இருந்தது, ஆயில் இல்லை. ராத்திரி யாராவது குழாய் போட்டு எடுக்கிறானோ என்று கேட்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். ஆயிலை அரை லிட்டர் அரை லிட்டராக எவன் திருடுவான் என்று எனக்கே பிறகு தோன்றியது. ஆனாலும் பூட்டை எடுக்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதில் கலக்கிறதா என்று பார்த்தேன், தண்ணீர் சுத்தமாக இருந்தது. ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் காம்பவுண்டுச் சுவரில் காவியால் ஒரு கோடு போட்டு வந்தேன். இரண்டு மாசத்தில் ஏழு கோடு.

பிறகு புகை வந்தது. மகள்தான் வந்து சொன்னாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் போனவன் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, "அக்கா, வண்டி கொசு மருந்து அடிச்சுகினு வருது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனானாம். நான் பின்னால் நின்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். நீலமாக ஒரு புகை. மூக்கில் ஏறிய வாசனை எங்கள் பழைய இன்ஜினின் கடைசி வருஷத்து வாசனை.

தாம்பரத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். வயசு முப்பது இருக்கும். பானட்டைத் திறக்கவே இல்லை. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்து எடுத்து எனக்குக் காட்டினான்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு ஆயா, ஆயில் மேல ஏறி எரியுது. எவ்ளோ ஊத்துற?"

சொன்னேன்.

"அப்போ கன்ஃபார்ம். இன்ஜின் இறக்கணும். யாராண்ட வாங்கின?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கதான் தெரிஞ்சே தள்ளுவாங்க. விக்கிறதுக்கு முன்னாடி கெட்டி ஆயில் ஊத்திட்டா ஒரு மாசத்துக்குப் புகையே வராது. நீ நல்லா ஏமாந்துட்ட ஆயா."

எனக்கு வந்த கோபத்தில் அவன் என்னை ஆயா என்றது பாதி, ஏமாந்துட்ட என்றது பாதி. பால் விற்ற காலத்தில் ஒருத்தரையும் என்னை ஏமாற்ற விட்டதில்லை. வழியெல்லாம் மகள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், என் காதில் ஏறவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் டீச்சர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டேன்.

"சார் வண்டிய நல்லா வச்சிருந்தாருன்னு சொன்னீங்க டீச்சர்" என்றேன். உள்ளே வா என்றதற்கும் போகவில்லை.

"ஆமா. ஏம்மா?"

"ஆயிலா குடிக்குது. ரிங்கு போயிருக்காம். இது இப்போ வந்த வியாதி இல்லையாம்."

டீச்சர் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்தார். சார் எழுதி வைத்த நோட்டு. எந்தத் தேதியில் சர்வீஸ், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினது, எந்த டயர் எப்போது என்று வரிவரியாக இங்கிலீஷில். "இதுல பாரு. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல ஒரு சொட்டு ஆயில் ஊத்தினதா அவர் எழுதல. ஊத்தியிருந்தா எழுதாம இருக்க மாட்டார்."

எனக்கு அந்த எழுத்துப் படிக்க வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் என் முன்னால் விரிக்கிறாரே என்று அந்த நேரத்தில் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அவரிடம் காட்ட வேறு என்ன இருந்தது என்று தோன்றுகிறது.

"எழுதாம விட்டிருப்பாரு" என்றேன்.

டீச்சர் நோட்டை மூடினார். ரொம்ப மெதுவாக மூடினார். "சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டுடு. கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பது வருஷத்தில் அந்தக் கதவை அவர் என் முகத்துக்கு நேரே சாத்தினதில்லை.

மகள் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. "அவங்க அப்படிப்பட்டவங்களா மா? நீ சொல்லு. அப்படிப்பட்டவங்களா?"

"பொகை பொய் சொல்லுமா?"

"பொகை ஏன் வருதுன்னு ஒருத்தன்தானே சொல்லியிருக்கான்."

அவள் ஆபீஸில் யாரோ கீழ்க்கட்டளையில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்களாம். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை காட்டிவிடலாம், இல்லையென்றால் நான் வாழ்நாள் முழுக்க உன்னோடு பேசமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போனாள்.

அந்த ஆளுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். பெரிய ஷெட், தரை முழுக்கச் சிமெண்ட், மட்டம் பிசகாத தரை. வண்டியை நிறுத்தச் சொன்னவர் கிட்டேயே வரவில்லை. "பத்து நிமிஷம் ஆறட்டும் அக்கா. டீ சாப்பிடுங்க" என்று எங்களை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது பார்க்கிறீர்கள், எவ்வளவு ஊற்றுகிறீர்கள், அதற்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது. நான் சுவரில் போட்ட கோட்டைப் பற்றிச் சொன்னேன். ஆயில் இன்ஜின் ஓட்டினதையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் பானட்டைத் திறந்து கம்பியை உருவினார். துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்கு ஆயில்.

"இது ஆயில் குடிக்கிற வண்டி இல்லக்கா. ஆயில்ல முழுகிக்கீது."

"காலைலதான் பாத்தேன். கீழ்க்கோட்டுல இருந்துது. என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலயே."

காற்று போகிற பெட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்த பில்டர் வடைச்சட்டியில் விழுந்த காகிதம் மாதிரி நனைந்து கிடந்தது. ஆயில் அளவுக்கு மேலே போனால் உள்ளே சுற்றுகிற தண்டு அதை மோர் கடைகிற மாதிரி கடையும், நுரைத்து மேலே ஏறும், இந்தக் குழாய் வழியாகக் காற்றோடு போய் எரியும், அதுதான் நீலப் புகை என்றார். நான் தலையை ஆட்டினேன். புரியவில்லை. அதிகமாக இருந்தால் ஏன் எனக்குக் குறைவாகத் தெரிய வேண்டும்?

"வண்டி வூட்டாண்ட எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

மகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வண்டி வாங்கின அன்றைக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த படம். சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் நான் பட்டுப்புடவையில் நிற்கிறேன். அவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளத்துக்கு அப்புறம் தூக்கின வூடா?"

"ஆமா."

என் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிச் சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் டீ விளிம்புக்கு ஏறியது, மறுபக்கம் அடி தெரிந்தது. "கம்பி இந்தப் பக்கம் இருக்கு. ஆயில் அந்தப் பக்கம் போயிடுது. இருக்கிற ஆயில் இருக்கு, கம்பிக்குத்தான் எட்டல." கிளாஸில் பார்த்தபோது புரிந்தது. காரைத் திரும்பிப் பார்த்தபோது மறுபடி போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாரோ என்னவோ, ஜாக்கியைக் கொண்டுவந்து முன்பக்கத்தை எங்கள் வீட்டுச் சரிவு அளவுக்குத் தூக்கி, கொஞ்ச நேரம் விட்டுக் கம்பியை என்னையே எடுக்கச் சொன்னார்.

கீழ்க்கோடு. ஒரு சொட்டு ஊற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதே ஆயில், அதே கம்பி.

முதல் நாள் காலையில் வண்டியில் ஆயில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. குறை ஒன்றும் இல்லாத வண்டிக்கு நான் ஊற்றி ஊற்றி வியாதி வரவழைத்திருக்கிறேன். ஊற்றினதை அது எரித்தது. எரித்ததால் குறைந்தது. குறைந்ததால் ஊற்றினேன்.

அவர் அதிகப்படி ஆயிலை வடித்து மேல்கோட்டுக்குக் கொண்டுவந்தார், புது பில்டர் போட்டார். "இனிமே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க. நடுவுல கம்பியைத் தொடாதீங்க. அப்புறம் மட்டமான தரையில பாருங்க. இறங்காம இருந்தா வண்டி நல்ல வண்டி. இறங்குச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு, அப்போ வாங்க."

"ரிங்கு நல்லா இருக்குன்னு இப்பவே சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். சொன்னா நானும் பாக்காம சொன்னவன் ஆயிடுவேன்."

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் நடைக்கு உள்ளே நின்றார், நான் வெளியே நின்றேன். சரிவு, கம்பி, டீ கிளாஸ் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். நான் சொன்னது எனக்கே ஒழுங்காக விளங்கவில்லை.

"அப்போ சார் மேல தப்பு இல்ல?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் மெக்கானிக் சொன்னதுதான் வாயில் வந்தது. "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கணுமாம் டீச்சர்."

அவர் கதவில் கை வைத்தார். "சரி, ஓட்டுங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்பு. நானே வந்து பாக்குறேன். அதுவரைக்கும் வண்டி உன் வீட்டிலேயே இருக்கட்டும். நீ இங்க வர வேண்டாம்."

பொத்தேரிக்குப் போய்வந்து ஆயிரம் கிலோமீட்டர் ஆக ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. தினம் காலையில் கோலம் போட்டு முடித்ததும் கை தானாகப் பானட்டுப் பக்கம் போகும். திருப்பிக்கொள்வேன். டீச்சர் காய் வாங்க வரும் நேரத்துக்கு நான் வாசலில் நின்றால் அவர் எதிர்ப்பக்கமாகப் போவார். எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஆயில் இறங்கினால் நான் சொன்னது நியாயம் என்று ஆகும், ஆனால் சார் மறைத்தவர், டீச்சர் ஏமாற்றினவர் என்று ஆகும். இறங்காவிட்டால் சார் நல்லவர், நான் செத்தவர்மேல் பழி போட்டவள். சாமிக்கு விளக்கேற்றும்போது எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்படி நான் கும்பிட்டதே இல்லை.

ஆயிரம் முடிந்த வாரம் மகள் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வருகிறேன், அங்கேயே கொண்டு வாருங்கள், அந்த மைதானம் மட்டமாக இருக்கும் என்றாராம்.

போய் நிறுத்தினோம். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் வெள்ளைச் சேலையில் வந்தார். "நின்னு எவ்வளவு நேரமாச்சு?" என்று மகளிடம் கேட்டார். கால்மணி என்றாள். பைபிளைக் காரின்மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். சாருடைய பழைய பனியனைக் கிழித்த துணி. கம்பியை அவரே உருவினார், துடைத்தார், விட்டார், எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பியை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வண்டி தெரியாது. நீயே சொல்லு."

"மேல்கோட்டுல இருக்கு டீச்சர்."

"இறங்கல?"

"இறங்கல."

"அப்போ?"

"சார் நல்லாத்தான் வச்சிருந்தாரு. தப்பு என் மேல."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். படியிறங்கி வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எழுபது வயசில் எனக்கு அது பெரிய காரியம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கம்பியை வாங்கி உள்ளே விட்டார். துணியை நாலாக மடித்தார்.

"ஒண்ணு கேக்கணும். அந்தத் தாம்பரம் மெக்கானிக் உனக்கு எத்தனை நாள் பழக்கம்?"

"அன்னிக்குத்தான் பாத்தேன்."

"நான்?"

நான் பானட்டை இறக்கி மூடினேன்.

"வண்டி சந்தேகமா இருக்குன்னு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, வா ரெண்டு பேரும் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். நீ கேக்க வரல. முடிவு பண்ணிட்டு வந்த. அது எப்படி?"

"பொகை வந்துது டீச்சர்" என்றேன்.

"பொகை வந்துது" என்று அவரும் சொன்னார். பைபிளை எடுத்துக்கொண்டு, முன் கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "யோசிச்சுச் சொல்லு. இப்பவே வேணாம்" என்றார், பின் சீட்டில் ஏறின என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் அவரைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறாள். வண்டியைத் தெருவில் மட்டமாக நிறுத்தி, மாசத்துக்கு ஒரு தடவை கம்பியைப் பார்க்கிறோம். டீச்சர் என்னோடு பேசுகிறார், காபி கொடுக்கிறார், முட்டிவலிக்கு மாத்திரை பெயர் எழுதித் தருகிறார். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. மறந்தவர் மாதிரியும் தெரியவில்லை. நானும் யோசிக்காமல் இல்லை. ஆயில் எப்படிப் போனது என்பதைக்கூட ஒருத்தர் டீ கிளாஸைச் சாய்த்துக் காட்டிப் புரியவைத்தார். முப்பது வருஷம் பார்த்த ஆளை ஒரு மத்தியானத்தில் நான் எப்படி அப்படி நினைத்தேன் என்று காட்ட யாரிடம் போவது என்று தெரியவில்லை. போன வாரம் அவருக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதுதான் இத்தனை பக்கம் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.